அந்தப் பூஜ்யம் மாறாத வரை

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி தன் மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கலை வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலைத் திறந்து 'ஆப்ட் இன்ஸ்டால் சூப்பர்டக்ஸ்' என்று கட்டளை தருகிறாள். பனிப்பாறைகளின் மேல் ஒரு பென்குயின் ஓடிக் குதிக்கும் பழைய, அருமையான விளையாட்டு அது. திரையில் சில வரிகள் வேகமாக ஏறிப்போகின்றன. கொஞ்ச நேரத்தில் விளையாட்டு தயார். ஏறிப்போன வரிகளை யாரும் நின்று படிப்பதில்லை. அவற்றில் ஒன்று 'லிப்எஸ்டிஎல்2-2.0-0' என்ற தொகுப்பு இறங்கியதைச் சொல்லும். அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் பூஜ்யத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு, என்னால் அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடிந்ததில்லை.

எஸ்டிஎல் என்பது 'சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர்'. சாம் லான்டிங்கா என்ற நிரலாளர் 1998-இல் வெளியிட்ட நிரலகம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். லான்டிங்கா பிறகு லோக்கி என்ற நிறுவனத்தில் தலைமை நிரலாளராக இருந்தார். வேறு இயங்குதளங்களுக்கு எழுதப்பட்ட வணிக விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவருவது அந்த நிறுவனத்தின் வேலை. 2002 தொடக்கத்தில் லோக்கி மூடப்பட்டது. எஸ்டிஎல் மட்டும் நிலைத்தது. இன்று லினக்ஸில் ஓடும் விளையாட்டுகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் அதைத் தொட்டுத்தான் ஓடுகிறது. பைத்தான் படிக்கும் பிள்ளைகள் முதல் விளையாட்டை எழுதிப் பார்க்கும் பைகேமுக்கும் அடித்தளம் எஸ்டிஎல்தான்.

விளையாட்டு எழுதுகிறவருக்குத் தேவையானவை சில. ஒரு சாளரம் திறக்க வேண்டும், விசை அழுத்தியது தெரிய வேண்டும், ஜாய்ஸ்டிக் அசைந்தது தெரிய வேண்டும், சத்தம் வர வேண்டும், படம் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்ச் சேர வேண்டும். லினக்ஸில் இவை ஒவ்வொன்றுக்கும் பல பாதைகள் உண்டு. திரைக்கு எக்ஸ்11, வேலாண்ட். ஒலிக்கு அல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர். படத்துக்கு ஓப்பன்ஜிஎல், வல்கன். எந்த வீட்டுக் கணினியில் எது இருக்கும் என்று விளையாட்டை எழுதியவருக்குத் தெரியாது. எஸ்டிஎல் நடுவில் நின்று, ஓடும் நேரத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பாதையில் வேலையைத் திருப்பிவிடுகிறது.

இதை ஒவ்வொரு விளையாட்டும் தன் வயிற்றுக்குள் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விண்டோஸில் பல விளையாட்டுகள் அப்படித்தான் வருகின்றன. லினக்ஸ் வழங்கல்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தன: கணினிக்கு ஒரே ஒரு பிரதி, எல்லா நிரல்களும் அதையே பகிர்ந்துகொள்ளும். இதனால் இடம் மிச்சமாகிறது, ஆனால் அது சின்ன லாபம். பெரிய லாபம் 2023 செப்டம்பரில் தெரிந்தது. வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரலகத்தில், தாக்குபவர் கணினிக்குள் புகுந்துவிடக்கூடிய மோசமான ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. விளையாட்டுகளுக்குப் படம் ஏற்றித் தரும் எஸ்டிஎல்_இமேஜ், லிப்வெப்பியைப் பயன்படுத்துகிறது. டெபியன் அந்த ஒரு கோப்பைத் திருத்தி அனுப்பியதும், அதை நம்பியிருந்த எல்லா விளையாட்டுகளும், படம் பார்க்கும் நிரல்களும் அந்த ஒரே திருத்தத்தால் சரியாகின. தனக்கென்று சொந்தப் பிரதி வைத்திருந்த ஒவ்வொரு நிரலையும் மட்டும் தனித்தனியாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

ஆனால் ஒரே பிரதி என்றால் ஒரே ஆபத்தும் உண்டு. அதை மாற்றிக் கெடுத்தால் எல்லாமே சேர்ந்து கெடும். இங்கேதான் பூஜ்யம் வருகிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கார் ஆலைக்கு உதிரிபாகம் தரும் வெண்டர் தன் பாகத்தின் உலோகக் கலவையை மேம்படுத்தலாம், எடையைக் குறைக்கலாம். பழையதைக் கழற்றிய அதே இடத்தில், அதே போல்ட்டுகளில், அதே வேலைக்குப் புதியது உட்காரும் என்றால் பார்ட் நம்பர் மாறாது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் திருத்த எண் மட்டும் ஏறும். ஒரு துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் புதிய பார்ட் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும். நிரலகத்தின் பார்ட் நம்பருக்கு 'எஸ்ஓநேம்' என்று பெயர். எஸ்டிஎல்2-க்கு அது 'லிப்எஸ்டிஎல்2-2.0.எஸ்ஓ.0'. கடைசியில் உள்ள பூஜ்யம்தான் 'துளைகள் நகரவில்லை' என்ற உறுதிமொழி.

நேரில் பார்க்க விரும்பினால் டெபியன் 12-இல் நிரலகங்கள் இருக்கும் அடைவைத் திறந்து பார்க்கலாம். 'லிப்எஸ்டிஎல்2-2.0.எஸ்ஓ.0' என்பது உண்மையில் ஒரு கோப்பே அல்ல, ஒரு சுட்டி. அது காட்டும் நிஜக் கோப்பின் பெயர் 'லிப்எஸ்டிஎல்2-2.0.எஸ்ஓ.0.2600.5'. எஸ்டிஎல்லின் 2.26.5 பதிப்பு என்பது அந்த வாலில் ஒளிந்திருக்கிறது. விளையாட்டு நிரல் வாலைக் கேட்பதே இல்லை. 'எஸ்ஓ.0' கொடு என்று மட்டும் கேட்கிறது. நாளை வால் மாறும், சுட்டி புதிய கோப்பைக் காட்டும், விளையாட்டுக்குத் தெரியவே தெரியாது. எஸ்டிஎல் 2.0 வெளியானது 2013 ஆகஸ்டில். அன்று தொடங்கிய அந்தப் பூஜ்யம் இதுவரை ஒன்றாக மாறவில்லை.

இந்த உறுதிமொழியை எழுதுவது எஸ்டிஎல் குழு. அது காப்பாற்றப்படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் நின்று சரிபார்ப்பது தொகுப்பாளர். டெபியனில் தொகுப்பாளர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் செய்வது மூலநிரலை எடுத்து மூட்டை கட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. வேலையின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது.

மூலநிரலோடு அவர்கள் 'டெபியன்' என்ற சிறிய அடைவு ஒன்றைச் சேர்க்கிறார்கள். எதை நம்பி இது நிற்கிறது என்று ஒரு கோப்பு, எப்படிக் கட்டுவது என்று ஒன்று, என்ன மாறியது என்று ஒன்று, ஒவ்வொரு கோப்புக்கும் யார் உரிமையாளர், என்ன உரிமம் என்று ஒன்று. என்னை மிகவும் கவர்ந்தது 'சிம்பல்ஸ்' கோப்பு. நிரலகம் வெளியே காட்டும் ஒவ்வொரு செயற்கூறின் பெயரும், அது முதலில் எந்தப் பதிப்பில் தோன்றியது என்பதும் அதில் வரிசையாக இருக்கும். எஸ்டிஎல்_ரெண்டர்ஜியாமெட்ரி என்ற செயற்கூறு 2.0.18-இல் வந்தது. ஒரு விளையாட்டு அதைப் பயன்படுத்தினால், அந்த விளையாட்டைத் தொகுக்கும்போது கருவி தானே அதைக் கண்டுபிடித்து, '2.0.18 அல்லது அதற்குப் பிந்தைய எஸ்டிஎல் வேண்டும்' என்று எழுதிவிடும். பயன்படுத்தாத விளையாட்டு பழைய எஸ்டிஎல்லோடு திருப்தியடையும். மறுபுறம், புதிய பதிப்பில் ஒரே ஒரு செயற்கூறு காணாமல் போயிருந்தாலும் கட்டுமானம் அங்கேயே தோற்று நிற்கும். மனிதக் கண் தவறவிடுவதை அந்தப் பட்டியல் விடாது.

ஆனாலும் எந்தக் கருவிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. எஸ்டிஎல்லுக்கு ஒரு கெட்டிக்காரப் பழக்கம் இருக்கிறது. எக்ஸ்11, அல்சா போன்றவற்றை அது கட்டும் நேரத்தில் இணைத்துக்கொள்ளாமல், ஓடும் நேரத்தில் 'இருக்கிறதா?' என்று தேடி ஏற்றிக்கொள்ள முடியும். ஒரே பைனரியை எந்த லினக்ஸிலும் ஓடவிட நினைக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கு இது வரம். தொகுப்பாளருக்குத் தலைவலி. சார்புகளைக் கண்டுபிடிக்கும் கருவி, கோப்பின் தலைப்பில் வெளிப்படையாக எழுதியிருப்பதை மட்டுமே படிக்கும். ஓடும்போது தேடிப் பிடிப்பது அதன் கண்ணில் படாது. ஆகவே அது 'அல்சா தேவையில்லை' என்று எழுதிவிடும். தொகுப்பு நல்லபடியாக நிறுவப்படும், விளையாட்டு திறக்கும், சத்தம் மட்டும் வராது. பிழைச் செய்திகூட இருக்காது. டெபியனின் எஸ்டிஎல்2 தொகுப்பாளர்கள் எக்ஸ்11, அல்சா, பல்ஸ்ஆடியோ ஆகியவற்றுக்கு இந்தத் தேடல் பழக்கத்தை அணைத்துவிட்டு, நேரடியாக இணைத்துக் கட்டினார்கள். அப்போது சார்பு வெளிப்படையாகத் தெரியும், கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டளையில் மூன்று நான்கு சொற்கள், அவ்வளவுதான். அந்தச் சொற்களைப் போட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அனுபவம்.

டெபியன் 12-இல் இந்தத் தொகுப்பின் முழுப் பதிப்பெண் '2.26.5+டிஎஃப்எஸ்ஜி-1'. நடுவில் இருக்கும் எழுத்துகள், டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளுக்கு ஒத்துவராத சில கோப்புகளை மூலநிரல் மூட்டையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்கின்றன. எஸ்டிஎல்2-இன் உரிமம் மிகத் தாராளமானது, 1.2 பதிப்பு எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது, இரண்டாவது தலைமுறையில் ஸெட்லிப் உரிமத்துக்கு மாறினார்கள். அப்படியிருந்தும் மூட்டையில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இந்தக் கறார்த்தனம் மிகை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது தேவையானதாகவே படுகிறது. அரசுப் பள்ளிக் கணினி ஒன்றில் இந்தக் கோப்பு ஏறும்போது அதைப் பிரதி எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்ற நிலை, இந்தக் கறாரால்தான் வந்தது.

மூலநிரல் சரியானதும் டெபியனின் கட்டுமானக் கணினிகள் அதை எடுத்துக்கொள்கின்றன. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13 அதிகாரபூர்வமாக 7 வகைச் செயலிகளுக்கு வெளியானது. அதில் எஸ்390எக்ஸ் என்பது வங்கிகளின் கணக்கு வழக்குகளைச் சுமக்கும் ஐபிஎம் மெயின்ஃபிரேம். அங்கே யாரும் பென்குயினைக் குதிக்கவைக்கப் போவதில்லை. இருந்தும் விளையாட்டு நிரலகம் அதற்கும் கட்டப்படுகிறது. நம் மடிக்கணினிகள் ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் சேமிக்கின்றன. எஸ்390எக்ஸ் பெரிய பகுதியை முதலில் சேமிக்கிறது. ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை ஒரே எண்ணில் அடைத்து வைக்கும் நிரலில் இந்த வரிசையைப் பற்றிய அலட்சியம் இருந்தால், சிவப்பு நீலமாகும், வானம் செம்மண்ணாகும். நம் கணினிகளில் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கக்கூடிய அத்தகைய பிழை, மெயின்ஃபிரேமில் சோதனை ஓட்டும்போது வெளியே வந்துவிடுகிறது.

அதே டெபியன் 13-இல்தான் ரிஸ்க்-வி செயலிகளுக்கு முதன்முறையாக அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. ரிஸ்க்-வி என்பது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய செயலிக் கட்டளைத் தொகுதி. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வரப்போகும் கணினி வகைகளுக்கு மென்பொருள் முன்கூட்டியே காத்திருப்பது, முகம் தெரியாத யாரோ சிலர் பல ஆண்டுகளாக ஒவ்வொரு தொகுப்பாகக் கட்டிப் பார்த்து, தோற்றதைத் திருத்தியதால்தான்.

கட்டி முடித்த கோப்பு, அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று எப்படி நம்புவது? இந்தக் கேள்வியை 2013-இலிருந்து டெபியன்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மூலநிரலை இரண்டு வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு நாளில் கட்டினாலும், கடைசி பிட் வரை ஒரே கோப்பு வர வேண்டும் என்பது குறிக்கோள். கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கம்பைலர்கள் கட்டிய தேதியையும் நேரத்தையும் கோப்புக்குள் பதித்துவிடும். அடைவில் உள்ள கோப்புகளைப் படிக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறும். தேதிக்கு அவர்கள் கண்ட தீர்வு அழகானது: இன்றைய தேதியைப் போடாதே, மாற்றப் பதிவேட்டில் கடைசியாக எழுதப்பட்ட தேதியைப் போடு. அது எந்தக் கணினியில் கட்டினாலும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொகுப்புகள் வந்த பாதை சுவையானது. 2000-களின் பிற்பகுதியில் சி. உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்த மாநில அரசு நிறுவனமான எல்காட், சூசே லினக்ஸைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. அதே காலத்தில், 2007-இல், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. அது டெபியனிலிருந்து பிறந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி மாநில அரசு சொன்னது. ஆக, லினக்ஸ் உலகின் இரண்டு பெரிய தொகுப்பு மரபுகளும் நம் அரசு அலுவலக மேசைகளுக்கு வந்திருக்கின்றன: சூசேயின் ஆர்பிஎம், டெபியனின் டெப். ஒரே எஸ்டிஎல்2, ஓப்பன்சூசேயில் 'லிப்எஸ்டிஎல்2-2_0-0', டெபியனில் 'லிப்எஸ்டிஎல்2-2.0-0', ஃபெடோராவில் முன்பு வெறும் 'எஸ்டிஎல்2'. பெயர் வைக்கும் முறை வீட்டுக்கு வீடு வேறு. உள்ளே இருக்கும் எஸ்ஓநேம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்று. அது எஸ்டிஎல் குழு கொடுத்த எண், அதில் வழங்கல்காரர்கள் கை வைப்பதில்லை.

பாஸ் வெளியான காலத்தில் இருந்தது எஸ்டிஎல் 1.2. அன்றைய டெபியனில் அந்த ஒரு நிரலகத்துக்கு ஒலிக்கு மட்டும் பல உருவங்கள் இருந்தன: அல்சாவுக்கு ஒன்று, ஓஎஸ்எஸ்ஸுக்கு ஒன்று, ஆர்ட்ஸுக்கு ஒன்று, ஈஎஸ்டிக்கு ஒன்று, எல்லாம் சேர்த்து ஒன்று. லினக்ஸில் ஒலிக்கு எந்த வழி வெல்லும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பயனர் எதைத் தேர்ந்தாலும் விளையாட்டுகள் மாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக, ஒரே எஸ்ஓநேமைக் கொண்ட பல தொகுப்புகளை அருகருகே வைத்து, ஒன்றை மட்டும் நிறுவ அனுமதித்தார்கள். பின்னர் அவை ஒன்றாயின. இன்று ஆர்ட்ஸும் ஈஎஸ்டியும் பெயரளவில்கூட நினைவில் இல்லை. அவற்றை நம்பியிருந்த விளையாட்டுகள் இன்றும் ஓடுகின்றன.

அவை எப்படி ஓடுகின்றன என்பதுதான் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வித்தை.

எஸ்டிஎல் 1.2-க்கு எழுதிய விளையாட்டுகளில் பலவற்றின் மூலநிரல் யாரிடமும் இல்லை. லோக்கி போல எழுதிய நிறுவனமே மூடப்பட்டிருக்கும். மிஞ்சியது பழைய சிடி ஒன்றில் இருக்கும் பைனரி மட்டும். அதைத் திருத்த முடியாது, திரும்பக் கம்பைல் செய்ய முடியாது. அது 1.2-இன் எஸ்ஓநேமைத்தான் கேட்கும். அந்த நிரலகமோ வேலாண்ட் என்றால் என்னவென்றே அறியாத காலத்தது. இதற்கு எஸ்டிஎல் குழு எழுதியது 'எஸ்டிஎல்12-காம்பாட்'. வெளியிலிருந்து பார்த்தால் அது எஸ்டிஎல் 1.2தான்: அதே எஸ்ஓநேம், அதே செயற்கூறுகள், அதே தரவு வடிவங்கள். உள்ளே அசலாக எதுவும் இல்லை. ஒவ்வொரு அழைப்பையும் வாங்கி, எஸ்டிஎல்2 புரிந்துகொள்ளும் மொழிக்கு மாற்றி அங்கே அனுப்பிவிடும்.

ஒரு காட்சியை மட்டும் அருகில் பார்ப்போம். பழைய விளையாட்டு 'திரையை 640-க்கு 480 ஆக மாற்று' என்று கேட்கிறது. அந்தக் காலத்தில் திரை நிஜமாகவே அந்த அளவுக்கு மாறும். மேசையில் இருந்த மற்ற சாளரங்கள் எல்லாம் கலைந்துபோகும். இன்றைய திரையில் அப்படிச் செய்வது முரட்டுத்தனம், பல இடங்களில் முடியாதது. காம்பாட் 'மாற்றிவிட்டேன்' என்று சொல்லிவிடுகிறது. விளையாட்டு 640-க்கு 480 அளவில் வரைந்துகொண்டே இருக்கும். காம்பாட் அதை எடுத்துப் பெரிதாக்கி, பக்கங்களில் கறுப்புப் பட்டை விட்டு, முழுத் திரையில் காட்டும். மவுஸ் அசைவுகளை விளையாட்டுக்குத் தரும்போது மறுபடி 640-க்கு 480-க்குள் சுருக்கித் தரும். விளையாட்டைப் பொறுத்தவரை எல்லாம் அன்று போலவே இருக்கிறது. சில விளையாட்டுகளுக்கு இதுவும் போதாமல், அவற்றின் பெயரைப் பார்த்தவுடன் தனியாக நடந்துகொள்ள ஒரு பட்டியலையும் அது வைத்திருக்கிறது.

2021-இல் ஃபெடோரா 35 பழைய எஸ்டிஎல் 1.2-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் காம்பாட்டை வைத்தது. 2025 ஜனவரியில் எஸ்டிஎல் 3-இன் முதல் நிலையான பதிப்பு, 3.2.0, வந்தது. சில மாதங்களில் வந்த ஃபெடோரா 42, எஸ்டிஎல்2-ஐயும் எடுத்துவிட்டு, எஸ்டிஎல்2 போலவே தோன்றி எஸ்டிஎல்3-ஐ அழைக்கும் 'எஸ்டிஎல்2-காம்பாட்'டை வைத்தது. எஸ்டிஎல்2 கேட்கும் விளையாட்டுக்கு அதே பூஜ்யம்தான் தெரிகிறது. பின்னால் இருந்த ஆளே மாறிவிட்டார். 1.2 காலத்து விளையாட்டு ஒன்றை இப்போது ஓட்டினால், அது 1.2 என்று நினைத்து ஒருவரை அழைக்கிறது; அவர் எஸ்டிஎல்2 என்று நினைத்து இன்னொருவரை அழைக்கிறார்; அவர் எஸ்டிஎல்3-ஐ அழைக்கிறார்; அது வேலாண்டில் வரைகிறது. இடையில் உள்ள யாரும் அந்த விளையாட்டை எழுதியவரைச் சந்தித்திருக்க வேண்டியதில்லை.

நிரலகத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்த விளையாட்டுகளுக்கும் ஒரு சாவி வைத்திருக்கிறார்கள். எஸ்டிஎல்2-இல் ஒவ்வொரு பொதுச் செயற்கூறும் நேராக வேலைக்குப் போகாமல் ஓர் அட்டவணை வழியாகவே போகும். எஸ்டிஎல்_டைனமிக்_ஏபிஐ என்ற சூழல் மாறியில் வேறொரு எஸ்டிஎல் கோப்பின் முகவரியைக் கொடுத்தால், அந்த அட்டவணை முழுவதும் புதிய கோப்பைச் சுட்டும்படி மாறிவிடும். தன்னுள் இருக்கும் பழைய பிரதியை மறந்து, கணினியில் உள்ள புதியதை விளையாட்டு பயன்படுத்தும். விளையாட்டை எழுதிய நிறுவனம் நாளை இல்லாமல் போகலாம் என்பதை இன்றே ஏற்றுக்கொண்டு, அந்த நாளுக்காக ஒரு கதவு வைக்கிறார்கள். லோக்கி மூடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

இத்தனை தூரம் வந்தபின் தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விளையாட்டில் ஒரு கட்டத்தை முடித்ததும் திரையில் 'வெற்றி' என்று வர வேண்டும். யூனிகோடில் இந்தச் சொல்லின் முதல் எழுத்து இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் வகரம், அடுத்து ஒற்றைக்கொம்பு. நாம் வாசிக்கும்போதோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். இடம் மாற்றும் வேலையை எழுத்து வடிவமைப்பு நிரல் செய்ய வேண்டும். 'கொ' என்றால் இன்னும் சிக்கல்: ஒரே குறி ககரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். விளையாட்டுகளுக்கு எழுத்து வரைந்து தரும் எஸ்டிஎல்_டிடிஎஃப் நீண்ட காலம் இதைச் செய்யவில்லை. சேமித்த வரிசையிலேயே ஒவ்வொரு குறியாக வரைந்துகொண்டு போனது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் வகரம் முதலில் வரும், கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நிற்கும். குழந்தைகூட தப்பு என்று சொல்லிவிடும்.

2022-இல் வந்த எஸ்டிஎல்_டிடிஎஃப் 2.0.18 பதிப்பு, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரலகத்தைப் பயன்படுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. கொம்பை முன்னால் கொண்டுவருவதும், 'கொ'வைப் பிரித்து உட்காரவைப்பதும், புள்ளியை மெய்யின் தலைமேல் நிறுத்துவதும் ஹார்ஃப்பஸுக்குத் தெரியும். ஆனால் அது கட்டாயம் அல்ல, கட்டும்போது தேர்ந்தெடுக்கும் ஒரு விருப்பம். இங்கேதான் தொகுப்பாளரின் கை தமிழைத் தொடுகிறது. அவர் ஹார்ஃப்பஸோடு சேர்த்துக் கட்டினால் தமிழ் விளையாட்டு எழுத ஒரு வழி உண்டு. சேர்க்காமல் விட்டால், அந்த வழங்கலில் எஸ்டிஎல்_டிடிஎஃப் வழியாக எழுத்து வரையும் எந்த விளையாட்டிலும் கொம்பு தவறான பக்கம்தான் நிற்கும். டெபியனில் அது ஹார்ஃப்பஸோடு சேர்த்தே கட்டப்படுகிறது. விளையாட்டு எழுதுகிறவரும் தன் பங்குக்கு, இந்த எழுத்துருவில் வரையப்போவது தமிழ் எழுத்துமுறை என்று ஐஎஸ்ஓ 15924 தரத்தின் நான்கெழுத்துக் குறியீட்டைச் சொல்லிவைப்பது நல்லது. அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழில் விளையாட்டு எழுதும் முயற்சியை 'எழுத்து உடைகிறது' என்று கைவிடுவதைத் தவிர்க்க, இந்த ஒரு தகவல் போதும்.

தட்டச்சிலும் இதேபோன்ற ஒரு திருப்பம் நடந்தது. எஸ்டிஎல் 1.2-இல் ஒரு விசை அழுத்தம் ஒரு யூனிகோடு எண்ணைத்தான் தர முடியும். ஒரு விசை, ஓர் எழுத்து என்று நினைத்த வடிவமைப்பு அது. தமிழிலோ ஒலிபெயர்ப்பு முறையில் 'க்' தட்டியபின் அடுத்த விசை அதை 'கொ'வாக மாற்றும். இடையில் எழுதியது அழிந்து புதியது வரும். எஸ்டிஎல்2 விசை அழுத்தத்தையும் உரை உள்ளீட்டையும் இரண்டாகப் பிரித்தது. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை முடிவுசெய்த பிறகு, முழு உரையும் யுடிஎஃப்-8 சரமாக விளையாட்டுக்கு வந்து சேர்கிறது. சீன, ஜப்பானிய மொழிகளுக்கும் அவசியமாக இருந்த இந்த மாற்றத்தால் தமிழும் பயனடைந்தது.

பழைய விளையாட்டுகளுக்கு இன்னொரு பெரிய ஆபத்து 2019-இல் வந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் 19.10 பதிப்பிலிருந்து 32 பிட் நிரலகங்களைக் கட்டுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பழைய விளையாட்டுகளில் ஏராளமானவை 32 பிட். ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், அப்படியானால் உபுண்டுவை இனி ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. சில நாட்களில் உபுண்டு முடிவை மாற்றிக்கொண்டு, தேவையான 32 பிட் நிரலகங்களைத் தொடர்ந்து கட்ட ஒப்புக்கொண்டது. யாரும் பார்க்காத அடுக்கு என்று நினைத்த ஒன்றை எடுக்கப்போனபோதுதான், அதன்மேல் எத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது ஃபிளாட்பேக், ஸ்டீமின் சொந்த இயக்கச் சூழல் போன்றவை விளையாட்டையும் அதற்கு வேண்டிய நிரலகங்களையும் சேர்த்து ஒரே மூட்டையாகத் தருகின்றன. தொகுப்பாளரின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சூழல்களுக்குள்ளும் ஓர் எஸ்டிஎல் இருக்கிறது. அதையும் யாரோ ஒருவர் கட்டுகிறார், எந்த விருப்பங்களோடு கட்டுவது என்று முடிவுசெய்கிறார், ஓட்டை வந்தால் திருத்தி அனுப்புகிறார். வேலை நடக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலையைக் கற்க அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் சிறு மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சிக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடுகிறது. தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் கிடைக்கும். 'ஆப்ட் சோர்ஸ் லிப்எஸ்டிஎல்2' என்று ஒரு கட்டளை கொடுத்தால், மேலே சொன்ன 'டெபியன்' அடைவு முழுவதும் உங்கள் கணினிக்கு வந்துவிடும். கட்டத் தேவையானவற்றை நிறுவ ஒரு கட்டளை, கட்ட ஒரு கட்டளை. சாதாரண மடிக்கணினியில் உட்கார்ந்து அதைக் கட்டி முடித்துவிடலாம். தொடக்கத்திலேயே எஸ்டிஎல்லைத் தொட வேண்டும் என்பதும் இல்லை. பராமரிப்பவர் விலகிப்போனதால் அநாதையாக நிற்கும் தொகுப்புகளுக்கென்று டெபியனில் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. சிறிய விளையாட்டுகளும் சிறிய நிரலகங்களும் அதில் வந்துபோகும். விரும்பியவர் ஒரு மின்னஞ்சல் எழுதி அவற்றில் ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பதிவேற்ற உரிமை கிடைக்கும் வரை, அனுபவமுள்ள ஒரு டெபியன் உறுப்பினர் சரிபார்த்து அவருக்காகப் பதிவேற்றித் தருவார்.